யாரும் கேட்காத எண்கள்: மனிதர்கள் கூடும் மென்பொருளுக்குத் தேவை எழுதுவது

அனுப்பிய செய்தியை எல்லாருடைய போனிலிருந்தும் நீக்கும் வசதி வாட்ஸ்அப்பில் 2017-இன் இறுதியில் வந்தபோது அதற்குத் தரப்பட்ட அவகாசம் 7 நிமிடம். 2018 மார்ச்சில் அது 1 மணி 8 நிமிடம் 16 விநாடி ஆயிற்று. விசித்திரமாகத் தோன்றும் இந்த எண்ணை விநாடிக்கணக்கில் மாற்றினால் 4,096. அதாவது 2-இன் 12-ஆம் அடுக்கு. கணினி எல்லாவற்றையும் 2-இன் அடுக்குகளில் எண்ணுவதால், நிரல் எழுதுபவரின் விரலுக்குத் தானாக வரும் எண் அது. மாமனாரும் இருக்கிற குடும்பக் குழுவில் தவறுதலாக எதையோ போட்டுவிட்டுக் கை பதறும் மனிதர், எனக்கு 4,096 விநாடி வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார். ஒரு குழுவில் 256 பேர் என்ற பழைய உச்சவரம்பும் இதே ரகம். 2-இன் 8-ஆம் அடுக்கு.

2018 ஜூலையில் இந்தியாவுக்கு மட்டுமாக இன்னொரு எண் வந்தது: 5. ஒரு செய்தியை ஒரே தடவையில் எத்தனை பேருக்கு அல்லது எத்தனை குழுக்களுக்கு ஃபார்வேர்டு செய்யலாம் என்பதன் வரம்பு. அதுவரை அது 256 ஆக இருந்தது. நிரலின் வசதி இந்த 5-ஐத் தரவில்லை. ஆட்கள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு வந்த எண் அது.

இந்த 5 ஏன் முதல் நாளே வரவில்லை, வந்திருக்க முடியுமா என்ற கேள்விதான் சமூகக் கணிமைக்கான தேவைப் பொறியியலின் (மென்பொருளிடம் என்ன வேண்டும் என்று கண்டறிந்து எழுதும் துறை) மையம். குழுக்கள், பகிர்வுகள், விருப்பக்குறிகள், மதிப்பீடுகள் என்று மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் உறவாடுவதற்காகவே இருக்கும் மென்பொருளைச் சமூகக் கணிமை என்கிறோம். மற்ற மென்பொருளுக்குத் தேவை எழுதும் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எங்கே உடைகிறது என்று முதலில் பார்க்கலாம்.

லிஃப்டும் நீலக் குறியும்

மென்பொருள் அலுவலகங்களில் 'ரிக்வயர்மென்ட்' என்று புழங்குவதைத் தமிழில் 'தேவை' என்றே சொல்லலாம். பமேலா ஸேவும் மைக்கேல் ஜாக்சனும் (பாடகர் அல்ல, பிரிட்டனைச் சேர்ந்த கணினி அறிஞர்) 1997-இல் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். உலகில் என்ன நடக்க வேண்டும் என்பது தேவை. அதற்காக இயந்திரம் என்ன செய்யும் என்பது விவரக்குறிப்பு. இரண்டுக்கும் நடுவில் உலகத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் அனுமானங்கள். அனுமானமும் விவரக்குறிப்பும் சேர்ந்தால் தேவை நிறைவேறும் என்று காட்ட முடிந்தால் வேலை முடிந்தது.

லிஃப்டுக்கு இது அழகாகப் பொருந்தும். '13 பேர், 884 கிலோ' என்று உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆளுக்கு 68 கிலோ என்பது உலகத்தைப் பற்றிய அனுமானம். எடை கூடினால் மணியடித்துக் கதவு மூடாமல் நிற்பது விவரக்குறிப்பு. கம்பிவடம் தாங்கும் எடைக்கு மேல் லிஃப்ட் நகரக் கூடாது என்பது தேவை. மணி அடித்தது என்பதற்காக யாருடைய உடம்பும் 68 கிலோவிலிருந்து 90 கிலோ ஆகிவிடாது. இயந்திரம் செய்வதைப் பார்த்து அனுமானம் மாறுவதில்லை.

சமூக மென்பொருளில் நடுவில் இருக்கும் அந்த அனுமானமே மனித நடத்தை. அது இயந்திரத்தைப் பார்த்து மாறும். 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீலக் குறியைக் கொண்டுவந்தது. செய்தி படிக்கப்பட்டதா என்று அனுப்பியவருக்குத் தெரிய வேண்டும் என்பது மிக நியாயமான தேவை. அதற்கு முந்தைய நாள்வரை பதில் வராவிட்டால், 'இன்னும் பார்க்கவில்லை போல' என்று இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. குறி நீலமான கணத்திலிருந்து மௌனத்துக்கே அர்த்தம் மாறிவிட்டது: பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். மென்பொருள் ஒரு தகவலைத் தெரிவிக்க வந்தது, உறவுக்குள் ஒரு புதிய குற்றச்சாட்டை உருவாக்கிவிட்டது. எதிர்ப்புக் கிளம்பவே, அதை அணைத்துவைக்கும் வசதி விரைவில் வந்தது. அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது: நீங்கள் அணைத்தால் மற்றவர் படித்ததையும் நீங்கள் பார்க்க முடியாது. கொடுத்தால்தான் வாங்கலாம் என்ற இந்தப் பண்டமாற்று, என் பார்வையில், வாட்ஸ்அப்பில் இருக்கும் மிக நேர்த்தியான சமூகத் தேவை. அது 'பயனர்' என்ற ஒற்றை ஆளுக்காக எழுதப்பட்டதல்ல, இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் உறவுக்காக எழுதப்பட்டது.

5 எப்படி வந்தது

2018-இன் முதல் பாதியில் குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்ற செய்தி பல மொழிகளில் சுற்றியது. கூடவே வந்த காணொளி கராச்சியில் எடுக்கப்பட்ட ஒரு குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். பைக்கில் வருபவர்கள் சிறுவனைத் தூக்கிப்போவதும், பிறகு திருப்பிக் கொண்டுவந்துவிட்டு விழிப்புணர்வு வாசகத்தைக் காட்டுவதும் அதில் இருந்தன. பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு முன்பாதியை மட்டும் அனுப்பினார்கள். மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்திருந்த 65 வயதுப் பெண் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஒரே இடத்தில் ஐந்து பேர்.

தேவை எழுதுபவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொல்லப்பட்டவர்கள் அந்தச் செய்தி சுற்றிய குழுக்களில் இல்லை. மென்பொருளைப் பயன்படுத்துபவர், வாங்குபவர், நிர்வகிப்பவர் என்று எவ்வளவு நீளமான பட்டியல் போட்டாலும் அவர்கள் அதில் வர மாட்டார்கள். செயலியைத் தொடாமலே அதனால் பாதிக்கப்படுபவர்களுக்கு ஆவணத்தில் ஒரு தனி இடம் வேண்டும். பெரும்பாலான ஆவணங்களில் அது இருப்பதில்லை.

மத்திய அரசின் நோட்டீசுக்குப் பிறகு மாற்றங்கள் வரிசையாக வந்தன. ஜூலையில் 'ஃபார்வேர்டு செய்யப்பட்டது' என்ற சிறிய முத்திரை. பிறகு இந்தியாவில் 5, மற்ற நாடுகளில் 20 என்ற வரம்பு. படங்களுக்குப் பக்கத்தில் இருந்த விரைவு ஃபார்வேர்டு பொத்தான் இந்தியாவில் மட்டும் நீக்கம். 2019 ஜனவரியில் 5 என்பது உலகம் முழுவதற்கும் ஆனது. 2020 ஏப்ரலில், ஐந்து கைக்கு மேல் மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இந்த எண்களின் பலம் புரியும். 256 குழுக்கள், குழுவுக்கு 256 பேர் என்றால் ஒரே ஒரு அழுத்தலில் எட்டக்கூடிய உச்சம் 65,536 பேர். 5 ஆக்கினால் 1,280 பேர். இது உச்சவரம்புதான், நிஜத்தில் யாரும் 256 நிரம்பிய குழுக்களில் இருப்பதில்லை. ஆனால் வதந்தியைப் பரப்ப எல்லாரும் உச்சத்தைத் தொட வேண்டியதில்லை, சிலர் நெருங்கினால் போதும்.

இதில் மறைந்திருக்கும் சிக்கல் ஒன்று 2022-இல் வெளியே தெரிந்தது. குழுவின் அளவு 256-லிருந்து 512 ஆகி, ஆண்டின் இறுதியில் 1,024 ஆனது. ஃபார்வேர்டு வரம்பு அதே 5-ஆக இருந்தால் 1,280 என்ற எண் சத்தமில்லாமல் 5,120 ஆகிவிடும். குழு அளவை உயர்த்துபவர்களும் வதந்தியைக் கட்டுப்படுத்துபவர்களும் வேறு வேறு அறையில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் இது தெரியாது. அதே ஆண்டில் வாட்ஸ்அப் வேறொரு விதியும் அறிவித்தது: ஏற்கெனவே ஃபார்வேர்டு ஆகி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே குழுவுக்குத்தான் அனுப்பலாம். இரண்டு எண்களும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று ஆவணத்தில் கோடு போட்டு இணைத்து வைத்திருந்தால்தான், ஒன்றைத் தொடும்போது மற்றது நினைவுக்கு வரும்.

அடுத்தது மறையாக்கம். 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன; செய்திக்குள் என்ன இருக்கிறது என்று நடுவில் இருக்கும் சர்வருக்குத் தெரியாது. எனவே 'வதந்தியைக் கண்டறிந்து தடுக்க வேண்டும்' என்று யார் தேவை எழுதினாலும் அது முதல் வரியிலேயே செத்துப்போகும். எத்தனை கை மாறியது என்ற எண்ணிக்கையைச் செய்தியே தன்னுடன் சுமந்துபோகிறது. அந்த எண்ணிக்கையும் மறையாக்கத்துக்குள்தான் இருக்கிறது. பொருளைப் பார்க்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வழி இது. சாலையில் வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் வேகத்தடை போடுவதைப் போல. ஆம்புலன்சும் அதே தடையில் ஏறித்தான் இறங்க வேண்டும். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்தவர்களின் செய்திகளுக்கும் அதே வரம்புதான் இருந்தது.

பலன் என்ன? 5 என்ற வரம்பு ஃபார்வேர்டுகளை 25 சதவீதம் குறைத்தது என்றும், 2020-இன் வரம்பு அதிகம் கைமாறிய செய்திகளின் ஃபார்வேர்டை 70 சதவீதம் குறைத்தது என்றும் அந்நிறுவனம் சொன்னது. இந்த இரண்டு எண்களும் இயந்திரத்துக்குள் நடந்ததை அளக்கின்றன. தேவை இருந்தது வெளியே, போளூர் சாலையில். பொத்தானை அழுத்தாமல் உரையை நகலெடுத்து ஒட்டினாலோ, படத்தைச் சேமித்துப் புதிதாக ஏற்றினாலோ எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், முத்திரையும் இருக்காது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் இப்படிப்பட்ட வரம்புகளை ஆராய்ந்தார்கள். பரவும் வேகத்தை அவை குறைக்கும், ஆனால் மிகவும் பரவும் தன்மையுள்ள செய்தியை முழுக்க நிறுத்திவிடாது என்பது அவர்கள் கண்டது. தாமதமே போதுமா என்பது தாமதத்துக்குள் வேறு யாராவது எதையாவது செய்வார்களா என்பதைப் பொறுத்தது. போலீஸ் மறுப்பு அறிவிப்பு விட எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதும் இந்த மென்பொருளின் தேவைக் கணக்கில் சேர்த்தி.

இங்கேயே இன்னொரு தேவையும் மோதியது. 2021 பிப்ரவரி 25 அன்று வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்கள் உள்ள செய்திப் பரிமாற்றச் சேவைகள், சட்டப்படி கேட்கப்பட்டால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்ட முடிய வேண்டும். வாட்ஸ்அப் மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. பொறுப்பேற்க வைப்பது ஒரு நியாயமான தேவை, அந்தரங்கமும் அப்படியே. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து 'முன்னுரிமை 1, முன்னுரிமை 2' என்று எண் போட்டுத் தீர்த்துவிடலாம் என்பது தேவைப் பொறியியல் பாடநூல்களின் அப்பாவித்தனம். எந்த இரு தேவைகள் சேர்ந்து வாழ முடியாதவை, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்று தெளிவாக எழுதி வைப்பதுதான் பொறியாளரால் நேர்மையாகச் செய்ய முடிந்தது.

அட்மின் என்ற பதவி

குழுவைத் தொடங்கியவர் தானாக அட்மின் ஆகிறார். மென்பொருளைப் பொறுத்தவரை அது வெறும் அனுமதிப் பட்டியல்: ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம். சமூகம் அதை ஒரு பதவியாக எடுத்துக்கொண்டது. 2017 ஏப்ரலில் வாரணாசி மாவட்ட நிர்வாகம், குழுவில் பொய்ச் செய்தி வந்தால் அட்மின் மீதே வழக்குப் பாயலாம் என்று உத்தரவே போட்டது. 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு வேறு விதமாகப் பார்த்தது. உறுப்பினரைச் சேர்க்கவும் நீக்கவும் மட்டுமே அட்மினுக்கு அதிகாரம், பதிவு வருமுன் தணிக்கை செய்ய அவரால் முடியாது, ஆகவே மற்றவர் போட்டதற்கு அவர் பொறுப்பாக மாட்டார் என்றது. கேரள உயர் நீதிமன்றமும் 2022-இல் அதே வழியில் போனது.

ஒரு மென்பொருளின் அனுமதிப் பட்டியலை நீதிமன்றம் படித்துப் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். மற்றவர் போட்ட செய்தியை அட்மின் நீக்கும் வசதி 2022-இல்தான் வந்தது. அந்த வசதி வந்தபின் 'முடியாது' என்ற வாதம் அதே பலத்தோடு நிற்குமா? ஒரு பொத்தானைக் கூட்டுவது ஒருவருடைய கடமையைக் கூட்டுவதாக ஆகலாம்.

கணினி ஆய்வாளர் ஜொனாதன் க்ரூடின் 1988-இலேயே சொன்ன ஒன்றும் அட்மினுக்குப் பொருந்தும். குழுக்களுக்கான மென்பொருள் தோற்பதற்கு ஒரு முக்கியக் காரணம், கூடுதல் வேலை செய்பவர் ஒருவராகவும் பயனடைபவர் இன்னொருவராகவும் இருப்பது. கீழே வரும் எடுத்துக்காட்டில் அதைப் பார்க்கலாம்.

தண்ணீர் லாரி: ஒரு தேவை எழுதிப் பார்ப்போம்

சென்னைப் பக்கம் 120 வீடுள்ள ஒரு குடியிருப்பை வைத்துக்கொள்வோம். நான்கு பிளாக், பிளாக்குக்கு 30 வீடு. கோடையில் 12,000 லிட்டர் லாரி வரும். சங்கத்துக்கு ஒரு செயலி வேண்டும். கூட்டத்தில் கேட்டால் முதலில் வரும் தேவை இது: 'லாரி வந்ததும் எல்லாருக்கும் உடனே தெரிய வேண்டும்.' எல்லாரும் தலையாட்டுவார்கள்.

எழுதியபடியே செய்தால் என்ன ஆகும்? வீட்டுக்கு 100 லிட்டர் என்பது சமமான பங்கு. அறிவிப்பு ஒலித்ததும் வீட்டில் இருக்கும் 40 குடும்பங்கள் குழாயைத் திறந்து டிரம், வாளி, அண்டா எல்லாவற்றிலும் 200 லிட்டர் பிடித்தால் 8,000 லிட்டர் போய்விடும். மீதி 80 வீடுகளுக்கு 4,000 லிட்டர், அதாவது வீட்டுக்கு 50. வேலைக்குப் போனவர்கள் மாலையில் வந்து பார்க்கும்போது அதுவும் இருக்காது. அறிவிப்பு இல்லாத காலத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாததால், பிடிப்பது நாள் முழுக்கப் பரவியிருந்தது. அறியாமை ஒரு பங்கீட்டு முறையாக வேலை செய்துகொண்டிருந்தது. செயலி அதைக் கலைத்துவிட்டது. மென்பொருளில் ஒரு பிழைகூட இருக்காது.

ஆகவே தேவையை உலகத்தின் மொழியில் திருப்பி எழுத வேண்டும்: லாரி வந்த நாளில் இரவு 9 மணிக்குள் குறைந்தது 110 வீடுகளுக்கு 80 லிட்டருக்குக் குறையாமல் கிடைத்திருக்க வேண்டும். விவரக்குறிப்பு: பிளாக்குக்கு 3,000 லிட்டர் என்று வால்வு திறக்கும் நேரம் பிரிக்கப்படும், அந்தந்த பிளாக்குக்கு அதன் நேரத்தில் மட்டும் அறிவிப்பு, எந்த பிளாக் முதலில் என்பது நாளுக்கு நாள் சுழலும். அனுமானம்: ஏ பிளாக்குக்கு வந்த அறிவிப்பு பி பிளாக்குக்குப் போனாலும் கெடுதல் இல்லை, ஏனென்றால் வால்வு மூடியிருக்கிறது. இந்த அனுமானம் முக்கியம். 'பி பிளாக்குக்குத் தெரியாது' என்று எழுதியிருந்தால் அது அரை மணியில் பொய்யாகிவிடும். ஏ பிளாக்கில் அக்காவும் பி பிளாக்கில் தங்கையும் இருப்பார்கள். மனிதர்கள் தமக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பதை நம்பி எந்தத் தேவையையும் நிறுத்தக் கூடாது.

அடுத்து, லாரி வந்ததைச் செயலியில் பதிபவர் காவலாளி. வால்வு திறப்பவரும் அவரே. பலன் முழுக்க வீட்டுக்காரர்களுக்கு. அவருக்குக் கூடுதலாக நான்கு தட்டல்கள், தாமதமானால் திட்டு. க்ரூடின் சொன்ன அதே கோணல். ஒரு வாரத்தில் அவர் எல்லாப் பதிவுகளையும் ஷிஃப்ட் முடியும்போது ஒன்றாகப் போடத் தொடங்குவார். தரவு ஒழுங்காகவே தெரியும், நேரம் மட்டும் எல்லாம் 5.55 என்று இருக்கும். இதற்கு எச்சரிக்கை மணி வைப்பதைவிட, லாரி ரசீதை எப்படியும் வாங்குகிறாரே, அதைப் படம் பிடிப்பதே பதிவு என்று ஆக்கிவிட்டால், நேரம் தானாகச் சேரும். வந்த லிட்டருக்கும் சாட்சி கிடைப்பதால் சண்டையில் அவருக்கும் அது உதவும்.

தேவையோடு கூடவே மூன்றை எழுதிவைப்பது நல்லது. எதை அளப்போம்: பிளாக் தொட்டிகளின் மட்டம், வாரம் இருமுறை. எது கெட்டால் நிறுத்துவோம்: மாடியில் தனியாக இருக்கும் முதியவர்களிடமிருந்து 'கிடைக்கவில்லை' என்ற புகார் கூடினால். எப்போது திரும்பிப் பார்ப்போம்: நான்கு வாரத்தில். இரண்டாவதை எழுதாமல் விடுவதுதான் வழக்கம். முதல் அளவை மட்டும் வைத்தால் ஆட்கள் அளவைத் திருப்திப்படுத்தக் கற்றுக்கொள்வார்கள்.

கேட்டு அறிவதில் வரும் கோளாறுகள்

சங்கக் கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்கள். வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், லாரி ஓட்டுநர் யாரும் அங்கே இல்லை. கூட்டத்தில் மூத்தவர் பேசியபின் மற்றவர் கருத்து அவர் கருத்தாகவே இருக்கும். எனவே குழுவாகக் கேட்பதற்கு முன் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 2006-இல் வெளியான, அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு, 12 நேர்காணல்களுக்குள் புதிய கருத்துகள் வருவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்றது. ஒரே மாதிரியான ஆட்களிடம் கேட்டால்தான் அது பொருந்தும் என்ற நிபந்தனையைப் பலர் படிப்பதில்லை. ஐந்து வகை ஆட்கள் இருக்கும் இடத்தில் 12 என்பது வகைக்கு இரண்டரை பேர்கூட இல்லை.

'இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?' என்ற கேள்விக்கு எல்லாரும் ஆமாம் என்பார்கள். 'கடைசியாகத் தண்ணீர் வராத அன்று யாருக்குப் போன் செய்தீர்கள், அவர் என்ன சொன்னார்?' என்று கேட்டால் நடந்தது வரும். ஒரே செய்தியை அனுப்பியவரையும் பெற்றவரையும் தனித்தனியே கேட்பது இன்னும் நல்லது. அதைவிடப் பலன் தருவது, இருக்கிற குழுவில் கடந்த ஆறு மாதத்தில் நடந்த சண்டைகளின் பட்டியல். உறுப்பினர்களின் சம்மதத்தோடு அதை உட்கார்ந்து படித்தால், ஒவ்வொரு சண்டைக்கும் அடியில் எழுதப்படாத விதி ஒன்று மீறப்பட்டிருப்பது தெரியும்.

பெயர்ப் பெட்டி இதில் சின்ன விஷயம்போல் தோன்றும். முதல் பெயர், குடும்பப் பெயர், இரண்டும் கட்டாயம் என்று போடும் படிவம் தமிழர்களை எத்தனை தடவை பொய் சொல்ல வைத்திருக்கிறது! தலையெழுத்தை மட்டும் வைத்திருப்பவர் அங்கே ஒரு புள்ளியைப் போடுவார், அல்லது அப்பா பெயரை எழுதுவார். பிறகு செயலி அவரை அப்பா பெயரால் 'வணக்கம்' சொல்லி அழைக்கும். ஒரே பெட்டியில் முழுப் பெயர், இன்னொரு பெட்டியில் 'எப்படி அழைக்கலாம்' என்று கேட்டால் தீர்ந்தது. எழுத்து வரம்பும் அப்படியே: 'ஸ்ரீ' என்பது கண்ணுக்கு ஒன்று, யூனிகோடுக்கு நான்கு. ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் என்றால், தமிழில் 70 குறிகளுக்குத்தான் இடம். வரம்பு போடுபவர் எந்தக் கணக்கில் எண்ணுகிறார் என்பதை எழுதாவிட்டால் நிரல் எழுதுபவர் தன் மொழியில் எண்ணிக்கொள்வார்.

சோதித்துப் பார்ப்பது

திரையில் பொத்தான் எங்கே என்று ஆட்களுக்குத் தெரிகிறதா என்பதை ஐந்து பேரை வைத்துச் சோதித்துவிடலாம். பொத்தான் இருந்தால் ஊர் என்ன ஆகும் என்பதை ஐந்து பேரிடம் கற்க முடியாது. கூகுள் தன் 'பஸ்' என்ற சமூகப் பகிர்வுச் சேவையை 2010 பிப்ரவரியில் ஜிமெயிலுக்குள் திறந்துவிடுமுன் தன் ஊழியர்களிடையே பயன்படுத்திப் பார்த்தது. ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் அடிக்கடி மின்னஞ்சல் எழுதுவது சக ஊழியர்களுக்கு. அந்தப் பட்டியல் வெளியே தெரிந்தாலும் பாதகமில்லை. வெளியுலகில் ஒருவர் அடிக்கடி எழுதுவது வழக்கறிஞருக்கோ, மருத்துவருக்கோ, பிரிந்துபோன கணவருக்கோ இருக்கலாம். ஒருவர் அடிக்கடி மின்னஞ்சல் பரிமாறும் ஆட்களைத் தானாகப் பின்தொடரவைத்து, அந்தப் பட்டியலைப் பொதுவில் காட்டியதால் சேவை முதல் வாரத்திலேயே மாற்றி அமைக்கப்பட்டது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தோடு 2011-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 20 ஆண்டுகளுக்கு வெளியாட்கள் செய்யும் அந்தரங்கப் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்பட வேண்டியதாயிற்று. பஸ்ஸும் அதே ஆண்டோடு மூடப்பட்டது. சோதனையில் பங்கேற்றவர்களின் எண்ணிக்கை அங்கே குறையாக இருக்கவில்லை, அவர்களுக்குள் இருந்த உறவுகளின் வகைதான் போதவில்லை.

பாதிப் பேருக்குப் புதிய வசதி, பாதிப் பேருக்குப் பழையது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் வழக்கமும் இங்கே உதவாது. நம் குடியிருப்பில் ஒற்றைப்படை எண் வீடுகளுக்கு மட்டும் அறிவிப்பு போனால் எதிர் வீட்டுக்காரர் சத்தம் கேட்டுக் குழாயைத் திறப்பார். இரு பக்கமும் கலந்துவிடும். பிளாக் முழுவதையும் ஓர் அலகாக எடுக்க வேண்டும். அப்போது 120 அல்ல, 4 மாதிரிகள்தான் கையில் இருக்கின்றன என்ற கசப்பான கணக்கும் வரும். அதனால்தான் வாரக்கணக்கில் சுழற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு வாரத்துப் புள்ளிவிவரத்தைத் தனியே வையுங்கள், புதுசு என்பதற்காகத் தட்டிப் பார்ப்பவர்கள் அதில் அதிகம் இருப்பார்கள்.

செய்திக்கு ஆயுள் வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான் நினைவுக்கு வருகிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் உதவி கேட்டு வந்த செய்திகள், அந்தக் குடும்பம் மீட்கப்பட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருந்தன. பின்னாளில் ஆக்சிஜன் தேடல்களில் ஆட்களே 'மாலை 4 மணிக்குச் சரிபார்த்தது' என்று கையால் நேரம் எழுதி அனுப்பப் பழகினார்கள். பயனர்கள் இப்படி மென்பொருளுக்கு வெளியே ஒரு பழக்கத்தைக் கண்டுபிடிக்கும்போது அது ஒரு தேவை. யாரும் படிவம் நிரப்பித் தராமல், கண்ணெதிரே கிடப்பது.

நீக்கும் பொத்தானுக்கு என்ன ஆயிற்று? 2022 ஆகஸ்டில் 4,096 விநாடி போய், 2 நாளும் 12 மணி நேரமும் என்றானது. நீக்கிய இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற சுவடு மட்டும் நிற்கிறது. அது இருப்பதால்தான் குழுவில் ஒருவர் உடனே 'என்ன போட்டீங்க, ஏன் எடுத்தீங்க?' என்று கேட்கிறார். சுவடே இல்லாவிட்டால் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் நடுவே வேறு சண்டை வரும். அவசரத்தில் 'எல்லாருக்கும் நீக்கு' என்பதற்குப் பதில் 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதைத் தட்டிவிட்டு, தன் கண்ணுக்கு மறைந்து மற்றவர் கண்ணில் மட்டும் நிற்கும் செய்தியைப் பார்க்கவும் முடியாமல் அழிக்கவும் முடியாமல் தவித்தவர்களுக்காக, 2022 டிசம்பரில் அந்தத் தட்டலைத் திரும்பப் பெற 5 விநாடி கொடுத்தார்கள்.